அரை கிராம் காசின் கூலி

அன்பு மகனே,

ஓசூர் மாநகரத்தின் ராயக்கோட்டை சாலை சமஸ்தானத்தை, இரண்டு படுக்கையறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று பல்லிகள் சகிதம் தனியாக ஆண்டுகொண்டிருக்கும் உன் அப்பன் எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ கடைசியாக எப்போது போனைப் பார்த்தாய் என்பதை என் போனே நிமிடக் கணக்கில் சொல்லிவிடுகிறது. நான் நலமா என்றால், நலம்தான். முட்டி மட்டும் மாடிப்படியின்மேல் உலகப்போர் அறிவித்திருக்கிறது. மற்றபடி குடிமக்கள், அதாவது அந்த மூன்று பல்லிகள், சௌக்கியம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அது முடியும் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் நீ நான்கு தடவை "சரிப்பா" சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. கூரியரில் போடுகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். நாற்பது கிலோமீட்டர்தானே. கூரியர்காரர் தினமும் போய்விட்டுத் தினமும் திரும்பி வருகிறார். அவரை நான் ஆச்சரியத்தோடு பார்ப்பது வழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். "அப்பா, ஜெர்மனி கன்ஃபார்ம் ஆயிடுச்சுப்பா. மூணு வருஷம். அடுத்த வாரம் வியாழக்கிழம ஃப்ளைட். மூணு வருஷம்தாம்பா, பொசுக்குனு போயிடும்" என்றாய். நான் மிகுந்த ராஜகம்பீரத்தோடு "அப்படியா, சந்தோஷம்" என்றேன். பிறகு நீ காரியத்துக்கு வந்தாய். "அம்மா வாங்கி வெச்ச அந்தப் பொடிப்பொடி காயின் எல்லாத்தையும் கடையில குடுத்துட்டு ஒரே பெரிய காயினா மாத்தி வெச்சிருங்கப்பா. சனிக்கிழம வரோம், பேங்க் லாக்கர்ல வெச்சிரலாம். அரை மணி நேரம்தான் இருக்க முடியும், சாயந்தரம் ஆபீஸ்ல பார்ட்டி. அப்புறம்பா, இனிமே அரை கிராம் வாங்காதீங்க. அதுல போடுற கூலிக்கே பாதி காசு போயிடுது. சேத்து வெச்சு ஒரு பவுனா வாங்குங்க."

நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், நீ எனக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது. முப்பத்தொரு வருடம் லாரிக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், டை என்கிற அச்சை மெஷினில் ஏற்றும் டை செட்டராக இருந்தவன் நான். இந்தப் பக்கத்தில் ஓடுகிற லாரிகளில் பாதிக்கு மேல் என் விரல் அசைவில் பிறந்தவை என்று சொன்னால் அது மிகையாகாது. மற்றவர்கள் மிகை என்று சொன்னால் அது பொறாமை. பிரஸ்ஸில் டையை ஏற்றி, மட்டம் பார்த்து, முதல் பீஸ் அடித்து, அது தேறியபிறகு வேலையைத் தொடங்க இரண்டு மணி நேரம் ஆகும். பத்து பீஸ் வேண்டுமென்றாலும் அதே இரண்டு மணி நேரம், பத்தாயிரம் வேண்டுமென்றாலும் அதே இரண்டு மணி நேரம். அதனால் பத்து பீஸ் கேட்டு வருகிறவனைப் பார்த்தால் எங்களுக்கு ஆகாது. தங்கக் காசும் அப்படித்தான். அரை கிராமுக்கும் ஒரு அச்சு, ஒரு முத்திரை, சீல் வைத்த ஒரு பிளாஸ்டிக் கார்டு, ஒரு பில். எட்டு கிராமுக்கும் அதே. தங்கம் குறைகிறதே தவிர அதன்மேல் கடைக்காரர் வைக்கிற கூலி அந்த அளவுக்குக் குறைவதில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் தங்கத்துக்குத்தான் விலை, கூலி போனது போனதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமலா மாதாமாதம் போய் அரை கிராம் வாங்கினேன்? தெரிந்துதான் வாங்கினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவள் உன் அம்மா. சம்பளம் வந்த மறுநாள் இருவரும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போவோம். அரை கிராம் என்றால் எவ்வளவு தெரியுமா? நெற்றிப் பொட்டு அளவு. நீ பலமாகத் தும்மினால் அது எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் போய் விழும். அந்தப் பொட்டுக்கு அவர்கள் போட்டிருக்கும் கூலியைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் டை செட்டர் எழுந்து நிற்பான். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் வாதாடி, கன்னடத்தில் கண்ணீர் விடுவேன். முதலாளி தெலுங்கில் கும்பிடுவார், கன்னடத்தில் மறுப்பார், தமிழில் பில் போடுவார். தாலிச் சங்கிலி பார்க்க வந்தவர்கள் அதை விட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு டீ காசு குறையும். போரில் வென்ற மன்னனாக வெளியே வருவேன்.

"ஏங்க, மானம் போவுது. வாய மூடிக்கிட்டு வாங்க" என்பாள் உன் அம்மா. ஒருநாள் உன்னை மாதிரியே நானும் அவளிடம் சொன்னேன், சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒரு தடவை பெரிதாக வாங்கலாம் என்று. "பவுனாகுற வரைக்கும் பணம் பணமாவே உக்காந்திருக்குமாங்க? அதுக்குள்ள யாருக்காச்சும் ஆஸ்பத்திரி வந்துரும், உங்க தம்பிக்கு ஒரு கஷ்டம் வந்துரும். இந்த மாசம் கைல இருக்கிறதுக்கு என்ன வருதோ அத வாங்கிட்டுப் போயிரலாம். அடுத்த மாசத்த யாரு பாத்தா?" என்றாள். என் பிரஸ் ஷாப் அறிவையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு அந்த மாதமும் அவள் பின்னால் கடைக்குப் போனேன்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு இது தெரியாது, நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். வாங்கி வந்த காசை உன் அம்மா அப்படியே பீரோவில் வைக்க மாட்டாள். கத்தரிக்கோலால் கார்டை வெட்டி, காசை வெளியே எடுத்து, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்து சாமி முன்னால் வைத்த பிறகுதான் டப்பாவுக்குப் போகும். கார்டு பிரித்த காசைக் கடையில் கொடுத்தால் உருக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை போடுவார்கள், அதிலும் கொஞ்சம் கழிப்பார்கள். எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. ஒரு வரலட்சுமி நோன்பன்று முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் வெற்றிலை பாக்கு வாங்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கலசத்தின்மேல் முந்தின நாள் வாங்கிய காசு. கீழே வெட்டிப்போட்ட கார்டு.

ஷிப்டில் அன்று ஒரு டை உடைந்திருந்தது, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஒரு சமாதானமா? "அறிவிருக்குதா உனக்கு? நேத்து வாங்கின காசு, கார்டப் பிரிச்சா எவ்ளோ கழிப்பான் தெரியுமா?" என்று ஆரம்பித்து, எத்தனை வருடமாக எத்தனை கார்டு, எவ்வளவு நஷ்டம் என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கணக்குப் போட்டேன். வந்திருந்த பெண்கள் கையிலிருந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா ஒன்றுதான் சொன்னாள், அதுவும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "சாமிக்கு பிளாஸ்டிக்கயாங்க காட்டறது?" அதற்குப் பிறகு அவள் ஒரு கார்டைக்கூட வெட்டவில்லை. கடைக்கு வந்தாள், வாங்கினாள், நான் வாதாடுகையில் வாயை மூடச் சொன்னாள், எல்லாம் பழையபடிதான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவள் நம்மை விட்டுப் போன அந்த மாதம், பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீயும் பெங்களூருக்குக் கிளம்பிப் போனபிறகு, மறுவாரம் பென்ஷன் வந்தது. எங்கே போவதென்று தெரியாமல் கால் பழகின இடத்துக்குப் போனது. கவுண்டரில் மஞ்சுளா என்று ஒரு பெண், குருபரப்பள்ளிப் பக்கம், ஏழெட்டு வருடமாக எங்களுக்குக் காசு எடுத்துக் கொடுப்பவள். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள், பழக்கதோஷம். "அம்மா வர்லிங்களா சார்?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை. "பையன் வீட்டுக்குப் போயிருக்காங்க, பெங்களூருக்கு" என்றேன்.

ஒரு பொய் சொன்னவன் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது, மகனே. இரண்டு வருடமாக மாதாமாதம் வளர்த்தேன். அந்தக் கடையைப் பொறுத்தவரை உன் அம்மா உன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்காக நீ பால்கனியில் ஊஞ்சல் மாட்டியிருக்கிறாய். அவள் கன்னடம் கற்றுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு குழாய்த் தண்ணீர் விஷயத்தில் சண்டை போட்டு, அந்த அடுக்ககத்தின் சங்கத் தேர்தலில் தலைவியாகவே ஜெயித்துவிட்டாள். நீ ஞாயிறு தவறாமல் இங்கே வருகிறாய். வரும்போது பிரியாணி வாங்கி வருகிறாய், என் முட்டிக்கு நீயே தைலம் தேய்த்து விடுகிறாய். போன தீபாவளிக்கு நீ என்னை விமானத்தில் காசிக்கு அழைத்துப் போனாய், எனக்கு ஜன்னல் சீட். மாதம் ஒரு நல்ல குணமாக உனக்குச் சேர்த்து வந்தேன். இன்றைய தேதியில் அந்தக் கடையில் உன் படத்தை மாட்டி ஊதுபத்தி ஏற்றாத குறைதான். மஞ்சுளா காபி வரவழைப்பாள், நான் கதை சொல்வேன். அரை மணி நேரம் போகும். அந்த மாதத்தில் ஒரு மனுஷரோடு உட்கார்ந்து நான் பேசிய முழு அரை மணி நேரம் அதுதான். பிறகு அரை கிராம் எடுப்பேன், பில் போடுவாள், கொடுத்துவிட்டு வருவேன்.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னபடியே எவர்சில்வர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கண்ணாடிமேல் கொட்டினாள் மஞ்சுளா. உன் அம்மா பிரித்தவை ஒரு குவியல், மஞ்சள் ஏறி, குங்குமம் ஏறி, எழுத்தே தெரியாமல். சீல் பிரிக்காதவை ஒரு குவியல். "பிரிச்சதெல்லாம் உருக்கிதாங்க சார் போடுவாங்க. சீல் இருக்கிறதுக்கு இன்னிக்கு வில அப்படியே கெடைக்கும். கார்டுதான் கொஞ்சம் அழுக்கா இருக்குது, தொடச்சிட்டா சரியாப் போயிரும்" என்று ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். முதல் கார்டைத் துடைத்தாள். துணி சிவப்பானது.

அப்போதுதான் பார்த்தேன். சீல் பிரிக்காத கார்டுகளில், கடைசி இரண்டு வருடத்தவை தவிர மற்ற ஒவ்வொன்றிலும், பிளாஸ்டிக்கின்மேல், உள்ளே காசு இருக்கும் இடத்துக்கு நேராக, ஒரு குங்குமப் பொட்டு. நான் கத்தினேனே, அதற்குப் பிறகு வாங்கியவை. கார்டை வெட்டினால் எனக்கு நஷ்டம் என்று, அவள் காசுக்கு வைக்க வேண்டியதைக் கார்டின்மேல் வைத்திருக்கிறாள். ஒரு தடவையல்ல, வாங்கிய ஒவ்வொன்றுக்கும். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். டப்பாவைத் திறந்து பார்த்ததில்லை. அவள் போனபிறகு வாங்கியவற்றைக்கூட மூடியை லேசாகத் தூக்கி உள்ளே போட்டதோடு சரி. பொட்டில்லாத கார்டுகள் எல்லாம் நான் தனியாக வாங்கியவை.

மஞ்சுளா இரண்டாவது கார்டை எடுத்தாள். "தொடாதம்மா!" என்று கத்திவிட்டேன். என் குரல் உனக்குத் தெரியும், பிரஸ் ஷாப் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகினது. கடையே திரும்பியது. வாசலில் காவலுக்கு நின்றவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அது அவ வெச்சதும்மா" என்றேன். அதற்குமேல் கதை எதுவும் வரவில்லை, ஊஞ்சல், சங்கத் தேர்தல் எதுவும். "அவ பெங்களூர்ல இல்ல. அவ போயி ரெண்டு வருஷம் ஆவுது."

"தெரியுங்க சார்" என்றாள் மஞ்சுளா.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. அம்மாகூட வர்றப்போ கூலில கொறைக்கச் சொல்லி எங்க மொதலாளியவே அழ வைப்பீங்க. ரெண்டு வருஷமா நீங்க கூலி எவ்ளோனு ஒரு வார்த்த கேக்கல. நான் எவ்ளோ சொன்னாலும் குடுத்துட்டுப் போறீங்க. மொத மாசமே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுக்கிட்டா ஊஞ்சல் கதையெல்லாம் கேட்டுட்டு இருந்த?"

"நல்லாதாங்க சார் இருந்துச்சு. அம்மா சங்கத் தலைவி ஆனத நான் எங்க வீட்ல போயிகூட சொன்னேன்."

கார்டுகளைப் பொட்டில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக அவளே டப்பாவில் அடுக்கினாள். கடைசியில் அந்தத் துணியையும் சின்னதாக மடித்து மேலே வைத்து மூடிக் கொடுத்தாள். நான் ஒன்றையும் விற்கவில்லை, மாற்றவில்லை. உன் கட்டளையை மீறிய குற்றத்துக்கு என்ன தண்டனையோ கொடு. அது போதாதென்று, கிளம்புகிற நேரத்தில் "ஒரு அரை கிராம் எடும்மா" என்றேன். எடுத்தாள். "கூலி எவ்ளோ போட்டிருக்க?" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள். "ஐயோ சார், கட்டுப்படி ஆவாதுங்க" என்று ஆரம்பித்தாள். தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் துருப்பிடித்திருந்தன, ஆனாலும் ஒரு டீ காசு குறைந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொடிப்பொடியாக வாங்காதே, கூலி தின்றுவிடும், சேர்த்து ஒன்றாக வாங்கு என்கிறாய். உன் அறிவுரையை அப்படியே எடுத்து உனக்கே அளந்து பார்த்தேன். நீ அங்கிருந்து கிளம்பி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஊர்ந்து, அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் உன் ஆயுளில் ஒரு பகுதியைச் செலுத்திவிட்டு இங்கே வந்து சேர, நெரிசல் நாளில் இரண்டரை மணி நேரம். திரும்பிப் போக அதே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஐந்து மணி நேரம் ரோட்டில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அப்பனைப் பார்த்துப் போகிறாய். இதைவிட அநியாயக் கூலி உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. டை ஏற்ற இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பீஸ் அடித்துவிட்டுப் போகிறவனை எங்கள் ஷாப்பில் வாட்ச்மேன்கூட மதிக்க மாட்டார்.

ஆகையால் பேரத்தைத் தொடங்குகிறேன். சனிக்கிழமை வா, புதன்கிழமை காலை போ. வியாழக்கிழமைதானே ஃப்ளைட்? பெட்டியை இங்கேயே கொண்டுவந்து கட்டு. மருமகளுக்கு உன் அம்மாவின் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், பல்லிகளுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. பார்ட்டியில் நீ இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒரு தட்டு சாப்பாடு மிச்சம், அவ்வளவுதான். நாலு நாள் முழுதாக முடியாதென்றால் மூன்று. மூன்றும் கஷ்டமென்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் போ. நீ போனபிறகு அந்தக் கடையில் சொல்வதற்கு எனக்கு நிஜமாகவே ஒரு கதை வேண்டும், இனிமேல் பொய் சொன்னால் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாள். காசிக்கெல்லாம் வேண்டாம். முட்டிக்குத் தைலம் தேய்த்தாய் என்கிற ஒன்றை மட்டும் உண்மையாக்கிவிட்டுப் போனால் போதும், மூன்று வருடத்துக்கு அதை வைத்து ஓட்டிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை வாங்கிய காசு உன் அம்மா படத்துக்கு முன்னால் இருக்கிறது, கார்டு பிரிக்காமல். பக்கத்திலேயே கத்தரிக்கோலும் குங்குமச் சிமிழும் வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக எடுக்கிறேன், வைக்கிறேன். அன்று கத்தினவன் கை இன்று வெட்ட வரமாட்டேன் என்கிறது. நீ வந்து வெட்டு. நான் பொட்டு வைக்கிறேன்.

இவ்வளவு பேரம் பேசிவிட்டேன். எதுவுமே கட்டுப்படியாகாது, அரை மணி நேரம்தான் என்றால், அதற்கும் வா. வாசலிலேயே நின்று கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாலும் பரவாயில்லை. அடுத்த மாதத்தை யார் பார்த்தார் என்று உன் அம்மா கேட்டாளே, அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. என்ன கூலி போட்டாலும் கேட்க மாட்டேன், கொடுத்துவிடுகிறேன்.

அப்பா